இறக்குமுன் கணக்குப் பாருங்கள்

டாக்சியின் வருமானத்தைக் கொண்டு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் செலுத்துகிற குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், "என்ஜினை இறக்கவேண்டும்" என்று மெக்கானிக் சொல்லும் ஒரே வார்த்தை எல்லாருடைய நித்திரையையும் கெடுத்துவிடுகிறது. வண்டி நிற்கும் நாளெல்லாம் வரவும் நிற்கிறது, செலவோ நிற்பதில்லை. ஆகையால்தான் அநேகர் அவசரப்படுகிறார்கள். சிலர் தேவையற்ற வேளையில் என்ஜினை இறக்குகிறார்கள். சிலர் இறக்கியபின் பாதி வேலையோடு ஏற்றிவிடுகிறார்கள். இவ்விரண்டிற்கும் தப்புவது எப்படி என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

அருகில் பிறந்த வண்டி

தேவ்நாரில் வசிக்கும் நமக்கு இதற்கு நல்லதோர் உதாரணம் தூரத்தில் இல்லை. நமக்கு அடுத்துள்ள குர்லாவில்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. பியட் 1100 காரும், பின்னர் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற அதே காரும் அங்கேதான் உருவாயின. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் பல்லாண்டுகள் அந்த வண்டியே.

அதன் என்ஜின் நான்கு சிலிண்டர்களும் 1089 சி.சி. கொள்ளளவும் உடையது. சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 75 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 3000 சுற்று என்ற வேகத்தில், ஒவ்வொரு பிஸ்டனும் மேலும் கீழுமாக ஒரு நிமிடத்தில் 450 மீட்டர் ஓடுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். இவ்வளவு ஓட்டத்திற்கும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மாத்திரமே. ஆகவே தேய்மானம் யாருடைய குற்றமும் அல்ல. அது ஓட்டத்தின் விளைவு.

புகை சொல்லும் செய்தி

என்ஜினை இறக்குமுன் நோயை அறியவேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிச் செல்கிறது. என்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாமல் வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் பால் கலந்த தேநீரைப்போல் மாறியிருந்தாலும் தண்ணீர் கலந்துவிட்டது என்றே அர்த்தம். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்டில் கோளாறு இருக்கும்.

நீலப் புகை கண்டவுடனே முழு என்ஜினையும் இறக்கவேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் பார்க்கட்டும். அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங்கும் சிலிண்டர் சுவரும். ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கட்டிலோ இருக்கக்கூடும். அப்படியானால் ஹெட்டை மாத்திரம் கழற்றிச் சரிசெய்யலாம். சில நிமிடச் சோதனை பல நாள் வருமானத்தைக் காப்பாற்றும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு வேறொரு எச்சரிப்பு உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மும்பை முழுவதும் எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் நீர் இருக்கையில் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஆகையால் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தள்ளிக்கொண்டுபோய் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்பே மற்றவை.

இறக்கிய பின்

பத்மினியில் என்ஜின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டியது. பேட்டரி இணைப்பை எடுத்து, தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, ரேடியேட்டரைக் கழற்றி, கியர்பாக்ஸைப் பிரித்து, செயின் பிளாக் மாட்டி மேலே தூக்குவார்கள். இன்றைய முன்சக்கர வண்டிகளில் என்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறபடியால், பெரும்பாலும் கியர்பாக்ஸோடு சேர்த்தே எடுக்கவேண்டியதாகிறது. சி.என்.ஜி. வண்டியானால் சிலிண்டரின் வால்வை முதலாவது அடைத்து, அதற்குரிய பயிற்சி பெற்றவரைக் கொண்டே இணைப்பைப் பிரிக்கவேண்டும்.

பிரித்த ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இடப்படுகிறதா என்று கவனியுங்கள். ஒரு கனெக்டிங் ராடின் மூடி அந்த ராடுக்கே உரியது; மற்றொன்றுக்குப் பொருந்தாது. கலந்துவிட்டால் பேரிங் நிலைக்காது.

அடுத்து வருவதே தீர்மானமான வேளை. "ரிங் மாத்திரம் மாற்றினால் போதும்" என்பது இனிமையான சொல், செலவும் குறைவு. ஆனால் சிலிண்டர் எங்கும் ஒரேவிதமாகத் தேய்வதில்லை. மேல் ரிங் சென்று நிற்கும் இடத்திற்கு அருகே அதிகம் தேய்ந்து, வட்டமும் குலைந்துவிடும். வட்டமாயிராத சுவரில் புதிய ரிங் ஒட்டி அமர்வது எப்படி? சிலகாலம் சென்றதும் அதே நீலப் புகை திரும்பவரும். இறக்கி ஏற்றிய கூலி முழுவதும் வீணாகும். ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில், இரண்டு திசைகளில் அளக்கச் சொல்லுங்கள். அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் லேத் பட்டறையில் போரிங் செய்து, பெரிய பிஸ்டன் போடுவதே சரி. அந்த பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்து, அதன் அளவுக்கே சிலிண்டரைக் குடையச் செய்யவேண்டும். கிராங்க் ஷாப்டையும் அப்படியே அளந்து, தேவையானால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் இடவேண்டும். பட்டறையிலிருந்து வந்தபின் எண்ணெய்த் துவாரங்கள் யாவும் கழுவப்படவேண்டும். அங்கே தங்கும் இரும்புத் தூள் புதிய பேரிங்கை அரித்துவிடும்.

ஏற்றும்போது ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டே முடுக்கவேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் உரிமை. நேர்மையான மெக்கானிக் வருத்தப்படமாட்டார்.

சிலர் குர்லாவிலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய என்ஜின் வாங்கி மாட்ட நினைக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் எழுதியிருக்கிறது என்பதை மறவாதிருங்கள். எண் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்யவேண்டும். விற்பவரிடம் அதற்குரிய காகிதம் இல்லாவிட்டால் அந்தப் பொருள் வேண்டாம்.

வண்டிக்கு மீதியுள்ள ஆண்டுகள்

எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், வண்டிக்கு மீதியுள்ள காலத்தை அது கூட்டாது. மும்பை டாக்சிகளுக்கு 2008-இல் 25 ஆண்டு வயது வரம்பும், 2013-இல் 20 ஆண்டு வரம்பும் விதிக்கப்பட்டன. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. இருபது ஆண்டு முடிந்தபடியால் 2023 அக்டோபர் மாதத்தோடு அதன் டாக்சி ஓட்டமும் முடிந்தது. எத்தனை முறையும் திறந்து புதுப்பிக்கத்தக்க என்ஜின்தான். ஆனாலும் நாள் நிறைவேறியபோது நிறுத்தவேண்டியதாயிற்று. ஆகையால் பர்மிட்டில் எத்தனை ஆண்டு மீதி, செலவு எவ்வளவு, மாதம் ஒன்றுக்கு அது எவ்வளவு ஆகும் என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஓரிரண்டு ஆண்டே மீதியிருக்குமானால், வட்டிக்கு வாங்கி முழு வேலை செய்வது ஞானமல்ல.

"அப்படியானால் விற்றுவிடுவேன், கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சில நாள் புகை தெரியாது" என்று ஆலோசனை கூறுகிறவர்களும் உண்டு. பிரியமானவர்களே, அது கள்ளத்தராசு. அந்த வண்டியை வாங்குகிறவனும் உங்களைப்போலவே கடன் வாங்கி வருகிற ஏழையாயிருக்கலாம். உள்ளதைச் சொல்லி, அதற்குரிய விலைக்கே கொடுங்கள்.

முழு வேலையும் செய்யத் தீர்மானித்தவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. வண்டி வீடு வந்ததும் இழந்த நாட்களின் வருமானத்தை ஒரே வாரத்தில் பிடித்துவிட ஆசை எழும். புதிய ரிங் சுவரோடு பழகி அமர ஏறக்குறைய முதல் 1000 கிலோமீட்டர் வேண்டும். அதுவரை மிகுந்த பாரமும் அதிவேகமும் வேண்டாம். நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டவும் வேண்டாம். அதன்பின் எண்ணெயை மாற்றிவிடுங்கள். அந்த நாட்களில் வரவு குறையும் என்பதை வீட்டார் முன்னமே அறிந்திருக்கட்டும். மெக்கானிக்குக்கும் லேத் பட்டறைக்கும் ஒதுக்குகிற பணத்தோடு, அந்த நாட்களின் அரிசிக்கும் பாலுக்கும் ஆகும் பணத்தையும் சேர்த்து எடுத்துவைத்த பிறகே முதல் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.