மலைப்பாதைச் சாவுக்கு டிரைவர் மட்டுமா பொறுப்பு?

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் மலைப்பாதையில் கவிழ்ந்து உருண்டது. ஐந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

மலையில் விபத்து நடக்கும்போதெல்லாம் ஒரே பல்லவிதான்: 'டிரைவரின் அஜாக்கிரதை.' அதிவேகமாக ஓட்டுவது குற்றம்தான். அதை நாம் மறைக்க வரவில்லை. ஆனால் மனிதன் தவறு செய்யக்கூடியவன் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துப் போடுவதல்லவா நல்ல சாலை? பாதையைப் போட்டவர்களையும் பராமரிப்பவர்களையும் ஏன் யாரும் கேட்பதில்லை?

சாலை அமைப்பது கண்மதிப்பு வேலை அல்ல. எந்த வண்டி போகும், என்ன வேகத்தில் போகும், எத்தனை வண்டி போகும், நிலம் எப்படிப்பட்டது என்ற நான்கையும் முதலில் தீர்மானித்து, அதிலிருந்தே அகலம், வளைவு, ஏற்றம் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். 1934-ல் அமைந்த இந்தியச் சாலைக் காங்கிரஸ் மலைப்பாதைக்கென்றே அளவுகள் வகுத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் உள்வட்டத்தின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது. வளைவின் முனையில் பாதையின் அகலம், இரு தட மாநிலச் சாலையில் 11.5 மீட்டர், கிராமச் சாலையில் 6.5 மீட்டர் இருக்க வேண்டும். வளைவுக்குள் 40 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏற்றம் கூடாது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே 60 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும்.

இவை வெறும் எண்கள் அல்ல. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நிற்க 20 மீட்டர் தேவை. 40 கிலோமீட்டர் வேகத்தில் 45 மீட்டர் தேவை. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் கழியும் நேரத்தை 2.5 விநாடி என்று கணக்கிடுகிறார்கள். புதரும் பாறையும் பார்வையை மறைத்தால், எதிரே வரும் வண்டி தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

உல்லாசப் பயணிக்கு இந்தப் பாதை இரண்டு நாள் விஷயம். ஏற்காடு தாலுகா மாரமங்கலத்து மலையாளி மக்களுக்கோ அது ஆயுள் பூராவும் உள்ள விஷயம். கலெக்டர் ஆபீஸ், ஜில்லா கோர்ட்டு, பெரியாஸ்பத்திரி எல்லாம் மலைக்குக் கீழே சேலத்தில். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணும் இந்த வளைவுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்காக 2018-ல் விளைநிலத்தில் கல் நடச் சுறுசுறுப்பாக வந்தவர்கள், கிராமத்துப் பாதையை அளக்கவும் அதே சுறுசுறுப்பைக் காட்டட்டும்.

'அகலப்படுத்து' என்ற ஒற்றைக் கோஷம் போதாது. மலைச்சரிவைக் கண்டபடி வெட்டினால் மழைக்கு மண் சரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததைக் கண்டோம். தண்ணீர் வடிய வாய்க்கால், தாங்கு சுவர், வண்டிகள் ஒதுங்க இடம், விளிம்பில் பலமான தடுப்பு, நடப்பவர்களுக்கு ஓர் ஓரம் — இவையும் சேர்ந்ததே பத்திரமான பாதை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198-ஏ பிரிவின்படி, வகுத்த அளவுகளை மீறியதால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, சாலைக்குப் பொறுப்பான அதிகாரியும் காண்டிராக்டரும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும். 'வன நிலம், கை வைக்க முடியாது' என்பார்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, கிராமசபை சிபாரிசு செய்தால், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைச் சாலைக்கு விட இடம் தருகிறது.

எனவே நாம் கோருவது இது: சர்க்கார் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் அளக்க வேண்டும். எந்த வளைவு அளவுக்குக் குறைவு, எப்போது சரிசெய்யப்படும் என்ற பட்டியலைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்ட வேண்டும். உல்லாசக் காரை அல்ல, ஜனங்கள் ஏறும் பஸ்ஸையும் நடந்து போகும் உழைப்பாளியையும் வைத்துத் திட்டம் போட வேண்டும்.

மலை மக்களும் சும்மா இருக்கலாகாது. அடுத்த கிராமசபையில் அந்தப் பட்டியலைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். கேட்காத உரிமையை எந்த அதிகாரியும் வீடு தேடி வந்து கொடுத்ததில்லை.