தண்ணீரில் நிற்கும் சோளக்கன்று



எல்கடுவைப் பக்கத்தில் ஐப்பசி பிறந்தால் மழைக்குக் கணக்கில்லை. ஹுன்னஸ்கிரிய மலையை முகில் மூடிக்கொண்டதென்றால் வெயிலைக் காண நாட்செல்லும். லயத்துக்குப் பின்னாலும் ஓடைக்கரையிலும் உள்ள சிறு துண்டு நிலத்தில் மரக்கறியோடு பத்துப் பதினைந்து வரிசை சோளனும் போடுகிறவர்கள் உண்டு. மேட்டில் நின்ற கன்று தப்பிவிடும். பள்ளத்தில் நின்றது மஞ்சளாகி, வாடி, சில வேளை அழுகிப் போகும். "தண்ணீரில்தானே நிற்கிறது, ஏன் வாடுகிறது?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பலர் வன்னியில் இருக்கிறீர்கள். 1977இலும் 1983இலும் வன்செயலுக்குப் பயந்து மாத்தளை, கண்டித் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களும் உங்களுக்குள் இருக்கும். அங்கே களிமண் நிலத்தில் பெரும்போகச் சோளம் போடுகிறவருக்கு இந்தக் கேள்வி இன்னும் பெரியது. கடனுக்கு வாங்கிய விதை, கூலி கொடுத்து உழுத நிலம், வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை. மழை விட்ட மறுநாள் கன்றைப் பிடுங்கி எறிவதா, பொறுத்திருப்பதா என்று அவள் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வேரும் நம்மைப் போலச் சுவாசிக்கிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று நிற்கிறது. வேர் அதிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் நிரம்பிவிடும். காற்றினூடே பரவும் வேகத்தோடு பார்த்தால், தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவுவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவானது. மண்ணில் மிஞ்சியிருப்பதை வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் ஓரிரண்டு நாளில் முடித்துவிடும். பிறகு வேருக்குத் தண்ணீரை மேலே அனுப்பவும் பலமில்லை. அதனால்தான் குளத்துக்குள் நிற்பது போல நின்றும் இலை வாடுகிறது.

ஆனால் சோளம் சும்மா செத்துப் போகிற பயிர் அல்ல. ஒட்சிசன் இல்லாதபோது, மா புளிப்பது போன்ற ஒரு வழியில் சீனியை உடைத்துக் கொஞ்சம் சக்தி எடுத்துக்கொள்ளும். இது கடன் வாங்கிச் சாப்பிடுவது மாதிரி. சீனி வேகமாகக் கரையும், கழிவும் வேருக்குள் சேரும். அந்த நேரத்துக்குள் வேறொரு வேலையையும் தொடங்குகிறது. வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் எத்திலீன் என்ற வாயு இருக்கிறது. அதே வாயுவைச் சோள வேரும் சிறிதளவு உண்டாக்கும். சாதாரண நாளில் அது மண்ணின் இடைவெளிகளால் வெளியேறிவிடும். தண்ணீர் சூழ்ந்தால் போக வழியின்றி வேருக்குள்ளேயே சேரும். அது சேர்ந்ததும் வேரின் நடுப்பட்டையில் உள்ள சில கலங்கள் தாமாகவே இறந்து இடம் விடுகின்றன. அந்த இடம் நீளமான காற்றுக் குழாயாகிறது. தாமரைத் தண்டை ஒடித்தால் துளை துளையாகத் தெரியுமே, அதைப் போல. மேலே உள்ள தண்டிலிருந்து காற்று அந்தக் குழாய் வழியாக வேருக்கு இறங்கும். அதோடு மண்மட்டத்துக்கு அருகில் உள்ள கணுக்களிலிருந்து புது வேர்களும் வெளிவரும். இங்கிலாந்தில் ட்ரூ, ஜக்சன், கிஃபார்ட் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோளத்திலேயே சோதித்து 1979இல் எழுதினார்கள்.

நெல்லுக்கு இந்தக் குழாய் முன்கூட்டியே உண்டு. அதோடு வேரின் வெளிப்புறம் காற்றை ஒழுகவிடாத ஒரு தடுப்பும் உண்டு. சோளத்துக்கு அந்தத் தடுப்பு இல்லை. இறங்கிய காற்றில் ஒரு பங்கு வழியிலேயே கசிந்துவிடும், வேர்நுனிக்குப் போய்ச் சேராது. சோளத்தின் காட்டு உறவு ஒன்று மத்திய அமெரிக்காவில் நிக்கரகுவா நாட்டில், வெள்ளம் நிற்கும் கரையோரத்தில் வளர்கிறது. 2000ஆம் ஆண்டில்தான் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். அதன் வேரில் அந்தத் தடுப்பு இருக்கிறது. அந்தக் குணத்தைச் சோளத்துக்குக் கொண்டுவர யப்பான் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒட்டுச் சேர்த்துப் பார்த்து வருகிறார்கள். நம் கடைக்கு அந்த விதை வரும்வரை மண்வெட்டியைத்தான் நம்ப வேண்டும்.

கன்று எத்தனை நாள் தாங்கும்? இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று வயது. முளைத்து ஏறக்குறைய மூன்று கிழமை வரை சோளத்தின் உயிர்முனை மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே தெரிவது இலைச்சுருள் மட்டுமே. அந்த வயதில் தண்ணீர் தேங்கினால் உயிர்முனையே மூழ்கிவிடும். ஆறு இலை முழுதாக விரிந்த பிறகு அது மண்ணுக்கு மேலே எழுந்துவிடும், ஆபத்தும் குறையும். மற்றது சூடு. குளிர்ந்த தண்ணீரில் எல்லாம் மெதுவாகச் சுவாசிக்கும். கன்று நான்கு நாள் வரையும் தாங்கக்கூடும். மழை விட்டு வெயில் எறித்து அந்தத் தண்ணீர் சூடாகினால் ஒரு நாளே போதும், கதை முடிந்துவிடும். எனவே எல்கடுவைக் குளிரில் தப்பிய கன்றை நினைத்துக்கொண்டு கிளிநொச்சியில் இருப்பவர் காத்திருக்கக் கூடாது.

தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலையை ஆண்களுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் சோளத்துண்டுக்கு ஒரு சாண் ஆழக் கான் போதும், அதை நாமே வெட்டலாம். முடிந்தால் மழைக்கு முன்பே மேடு கட்டி மேட்டின் மேல் விதையுங்கள். மலைச்சரிவில் மட்டும் கவனம் வேண்டும். நேரே கீழ்நோக்கி வெட்டினால் மண் அரித்துக்கொண்டு போகும். குறுக்கே குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கினால் சரிவே இளகும். சற்றுச் சரிவாக வெட்டி ஓடைப்பக்கம் விடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டில் மண் சரிந்ததை மறப்பதற்கில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் சோளம் கிடக்கட்டும், பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.

தண்ணீர் வடிந்த உடனே வயலில் இறங்கி மிதிக்காதீர்கள். ஈரக் களி இறுகினால் மிச்சக் காற்றும் போய்விடும். மூன்று முதல் ஐந்து நாள் பொறுத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கன்றுகளைக் கிண்டி எடுத்துத் தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். அடிமுனை வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி நொளநொளவென்று இருந்தால் போய்விட்டது. இலை மஞ்சளாக இருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தேங்கிய மண்ணில் இருந்த நைதரசன் ஒரு பகுதி வாயுவாகிப் பறந்துவிடும், ஒரு பகுதி கழுவுண்டு போகும்; மஞ்சளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தண்ணீர் நிற்கும்போது யூரியா போட்டால் காசைக் கரைப்பதுதான். மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு கொஞ்சமாக மேற்கட்டுப் பசளை இட்டு, கன்றின் அடியில் மண் அணைத்துவிடுங்கள். கணுவில் வந்த புது வேர் அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பத்துக் கன்றில் ஏழெட்டு உயிரோடு இருந்தால் நான் அழிக்கச் சொல்லமாட்டேன். வன்னியில் மார்கழிக் கடைசியில் திரும்ப விதைத்தால் மணி பிடிக்கும் காலத்தில் மழை இருக்காது. விதைக்காசும் இரண்டு மடங்கு. இடையில் விழுந்த வெற்றிடத்தில் மறுபடி சோளம் ஊன்றுவதிலும் பயனில்லை. முந்தி முளைத்தது நிழல் போட்டுப் பிந்தியதை அமுக்கிவிடும். அங்கே கௌபி போடலாம், ஆனால் ஈரம் நன்றாக வற்றிய பிறகு. அதற்கும் தேங்கிய தண்ணீர் ஆகாது. பாதிக்கு மேல் செத்திருந்தால் மட்டும் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டுவிட்டு மறு விதைப்பை யோசியுங்கள். தப்பிய கன்றுகளின் குருத்தைக் காலையில் ஒருமுறை விரித்துப் பாருங்கள். 2018இல் நம் நாட்டுக்கு வந்த படைப்புழு குருத்துக்குள் இருந்துதான் தின்னும். கையால் எடுத்து நசுக்குவது சின்னத் துண்டு நிலத்துக்குப் போதும்.