அடுப்படிக் கணக்கில் ஒரு கார்

சகோதரிகளே, போன இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியவள், இந்த இதழில் கார் கியரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, என் மாமியாருக்கு மூச்சு இழுப்பு அதிகமாகிவிட்டது. என்னவர் திருப்பூரில் வேலை. சனி ஞாயிறில்தான் கும்பகோணம் வருவார். 108-க்குச் சொல்லிவிட்டு நானும் பெண்ணும் வாசலில் நின்றோம். அதற்குள் எதிர்வீட்டுப் பிள்ளை ஓடி வந்து, தன் காரிலேயே அத்தையைக் கொண்டு போய்ச் சேர்த்தான். நல்லபடியாகத் திரும்பினோம்.

ஆனால், அதற்கப்புறம் அத்தை இழுப்பு வந்தால் சொல்வதையே விட்டுவிட்டார். ஒருநாள் விடியற்காலை எதேச்சையாக எட்டிப் பார்த்தால், போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஏன் அத்தை எழுப்பலை?" என்று கேட்டேன். "பாவம்மா, ஊரான் பிள்ளை தூக்கத்தை எத்தனை தடவை கெடுக்கிறது?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், வீட்டில் ஒரு வண்டி வேண்டும், அதை நான்தான் ஓட்ட வேண்டும் என்று.

கையில் இருந்தது சீட்டுப் பணமும் சேமிப்புமாக 5,50,000 ரூபாய். அதில் முதலில் 50,000-ஐ எடுத்து ஓரமாக வைத்தேன். பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், ஆயில், டயர், பாட்டரி என்று முதல் மாதமே செலவு வரிசை கட்டி நிற்கும். மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொட்டிவிட்டால், அப்புறம் வட்டிக்குத்தான் ஓட வேண்டும்.

"நீ புதுசா கத்துக்கப் போறே, ஆட்டோமேடிக்கே வாங்கிடலாம்" என்றார் என்னவர். எனக்கும் முதலில் அதுதான் சுலபம் என்று பட்டது. விசாரித்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. ஒரே காரில் கியர் வண்டியை விட ஆட்டோமேடிக்குக்கு விலை கூடுதல். கியர் வண்டியின் க்ளட்ச் தேய்ந்தால் சின்ன ஊர் மெக்கானிக்கே கழற்றி மாட்டிவிடுவார். பாட்டரி இறங்கி நின்றால், இரண்டாவது கியரில் போட்டு நாலு பேர் தள்ளிக் கிளப்பலாம். டிரைவிங் ஸ்கூல் வண்டியும் கியர் வண்டிதான். ஆகவே கியரே போதும் என்று முடிவாயிற்று. ஆனால், மூட்டு வலியோ, இடுப்பு வலியோ உள்ளவர்கள் இதைப் பார்த்து வீம்பு பிடிக்க வேண்டாம். தினமும் நெரிசலில் ஓட்டுபவர்களுக்கு ஆட்டோமேடிக்கே ஆறுதல்.

எந்த வண்டி? அத்தைக்கு முழங்கால் மடங்காது. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அதனால் பார்க்கப் போன இடமெல்லாம் அத்தையையும் கூட்டிப் போனேன். டியாகோவில் தாழ உட்கார்ந்து திண்டாடினார். வேகன் ஆர் உயரமான வண்டி. நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, தானே இறங்கினார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். குளோபல் என்காப் மோதல் சோதனையில் டியாகோவுக்கு 2020-ல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம். வேகன் ஆருக்கு 2023-ல் ஒன்றுதான். இரண்டு ராத்திரி இதை நினைத்தே தூக்கம் வரவில்லை. கடைசியில் அத்தையின் முழங்கால்தான் ஜெயித்தது. நான் ஊருக்குள்ளும், மாதம் ஒருமுறை 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தஞ்சாவூர் டாக்டரிடமும் போகிறவள். வேகத்தை அடக்கி ஓட்டுகிறேன். கைக்குழந்தையோடு நெடுஞ்சாலையில் போகும் இளம் தாய்மார்கள் நட்சத்திரத்துக்கே முதலிடம் கொடுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரவே உட்காராதீர்கள். முன் சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களிலும் 2022 முதல் கட்டாயமானது. அதனால் 2022-க்கு முந்திய வண்டியைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் கோடு கிழித்துக்கொண்டேன்.

முதலில் ஒரு வண்டி வந்தது. பளபளவென்று இருந்தது; விலையும் மலிவு. என்னவருக்கு வாயெல்லாம் பல், அட்வான்ஸை நீட்டப் போனார். கூட வந்த மெக்கானிக் தம்பி, "அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்று சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் கோடு போட்ட மாதிரி சேற்றுக் கறை! கால் மிதியைத் தூக்கினால் சீட்டுத் தண்டவாளத்தில் துரு, மட்கின வாடை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று பார்த்தோமே. அன்றைக்கு அந்தத் தம்பிக்குக் கொடுத்த 1,000 ரூபாய் எங்கள் பணத்தைக் காப்பாற்றியது.

அவன் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குறை தெரியாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

மேல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், க்ளட்ச் தேய்ந்துவிட்டது. அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது.

ஆர்.சி. புத்தகத்தில் பாங்க் கடன் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்த கடிதமும் 35-ம் நம்பர் படிவமும் வாங்காமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்ற 29, 30 என்று இரண்டு படிவங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் விற்றவருக்கே சொந்தம், வண்டியோடு வராது.

இன்னொன்று. சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்து, புது வண்டி விலையே இறங்கியது. இதைச் சொல்லித்தான் நான் பேரம் பேசினேன். கத்தரிக்காய் வாங்கிப் பழகின வாய்க்குக் கார் எம்மாத்திரம்! 2022-ல் வந்த வேகன் ஆர் ஒன்று 4,80,000-க்குப் படிந்தது. மாதம் 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 என்று வைத்தால் 25 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் 2,500 ரூபாய். தஞ்சாவூருக்கு வாடகைக் கார், ஊருக்குள் ஆட்டோ என்று நான் கொடுத்து வந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஓட்டக் கற்ற கதை தனிக் கதை. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். முதல் வாரம் இடது முழங்கால் விண் விண் என்று தெறித்தது. குற்றம் காலில் இல்லை, சீட்டைத் தள்ளிப் போட்டிருந்ததில்தான். க்ளட்சை முழுதும் அழுத்தினபோதும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். அப்படி சீட்டை நகர்த்தின பிறகு வலி போயிற்று. மற்ற நேரத்தில் க்ளட்ச் மேல் காலை வைக்காதீர்கள். காலும் வலிக்கும், க்ளட்சும் தேயும். புடவை கட்டி ஓட்டுபவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகுங்கள். பின்வார் இல்லாத செருப்பு வேண்டாம்.

போன வாரம் ராத்திரி 10 மணி இருக்கும். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் இழுக்குதும்மா, வண்டியை எடேன்" என்று அத்தையே வந்து நின்றார், கையில் மருந்துப் பையோடு. நான் அடுப்பை அணைத்துவிட்டு சாவியை எடுத்தேன்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள் சகோதரிகளே. மூச்சுத் திணறல் மிஞ்சிப் போனால், நெஞ்சு வலி வந்தால், சொந்த வண்டி இருக்கிறதென்று கிளம்பாதீர்கள். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்ஸிஜன் அதில்தான் இருக்கும். மற்றதற்கு நம் வண்டி.

அடுத்த இதழில் மழைக்கால அரிசிப் புழுவைப் பார்ப்போம்.