ரிமோட் படகில் போகும் தூண்டில்: நடு ஏரியையாவது மீனுக்கு விட்டுவைக்கலாமே!

இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே ஒரு ஏரியில் 'பென்சன்' என்று ஒரு கெண்டை மீன் இருந்தது. எடை சுமார் 29 கிலோ. 2009-ல் அது செத்தபோது பத்திரிகைகளில் செய்தியே வந்தது. எடை மட்டும் காரணமல்ல. 60 தடவைக்கு மேல் தூண்டிலில் சிக்கி, ஒவ்வொரு தடவையும் திருப்பி விடப்பட்ட மீன் அது!

பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் தண்ணீரிலேயே விடுவதா? அங்கே அப்படித்தான். சால்மன், டிரவுட் தவிர்த்த கெண்டை, ரோச், டென்ச் போன்ற நன்னீர் மீன்களைப் பொழுதுபோக்காகப் பிடிப்பதற்கு 'கோர்ஸ் ஃபிஷிங்' என்று பெயர். பெரும்பாலும் பிடிப்பார்கள், எடை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், விட்டுவிடுவார்கள். ஆக, ஒரே மீன்தான் திரும்பத் திரும்பச் சிக்குகிறது.

மீன் என்ன முட்டாளா? முள் குத்து வாங்கிய கெண்டை உஷாராகிவிடும். கரையில் சத்தம் கூடினால் நடு ஏரிக்கு நகர்ந்துவிடும். அங்கே இரையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதில்தான் மொத்த விளையாட்டும் இருக்கிறது.

உண்டிவில்லில் வைத்து அடித்தால் 30, 40 மீட்டர் போகும். அதற்கு மேல் என்றால் 'ஸ்பாட்'. ராக்கெட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதில் இரையை நிரப்பி வீசினால், தண்ணீரில் விழுந்ததும் கவிழ்ந்து கொட்டிவிடும். 'ஃபீடர்' என்பது தூண்டில் நரம்பிலேயே கோத்த குட்டிக் கூண்டு. இரையும் முள்ளும் ஒரே இடத்தில் இறங்கும். தண்ணீரில் கரையும் பிவிஏ பைக்குள் இரையோடு முள்ளையும் வைத்துக் கட்டி வீசுவதும் உண்டு.

ஒவ்வொரு வீச்சும் ஒரே இடத்தில் விழ வேண்டுமே? கரையில் 12 அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, நரம்பைச் சுற்றி அளப்பார்கள். 20 சுற்று என்றால் 240 அடி, அதாவது சுமார் 73 மீட்டர். அந்த அளவில் நரம்பை ரீலில் உள்ள கிளிப்பில் மாட்டிவிட்டால், வீச்சு அங்கேயே நிற்கும். எளிமையான, அழகான கணக்கு.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. தோள் வலு, எதிர்க்காற்று, நரம்பின் பலம். சாதாரண ஆளுக்கு 100 மீட்டரே பெரிய விஷயம்.

இந்த எல்லையைத்தான் ரிமோட் படகு அழிக்கிறது. ஜிபிஎஸ், சோனார் எல்லாம் வைத்து, இரையையும் முள்ளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு, பல நூறு மீட்டர் தள்ளிப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. ஏறக்குறைய உணவு டெலிவரி ஆப் கதைதான். பல ஏரிகளில் இதற்குத் தடை இருக்கிறது. எல்லா ஏரியிலும் கட்டுப்பாடு வர வேண்டும்.

'வீசத் தெரியாதவன் மீன்பிடிக்காரனா' என்ற வீறாப்பு வாதம் இங்கே தேவையில்லை. பிரச்னை மீனுக்கு. கைவீச்சு எட்டாத தண்ணீர்தான் அதற்கு ஓய்விடம். படகு அங்கேயும் போய்விட்டால் அது எங்கே ஒதுங்கும்? அதோடு, 200 மீட்டர் தள்ளி முள் மாட்டிய மீனைக் கரைக்கு இழுப்பதற்குள் நரம்பு வேரிலோ கிளையிலோ சிக்கி அறுந்து போகலாம். ஈயக்குண்டு கழன்று விழாதபடி கட்டப்பட்டிருந்தால், மீன் அதை இழுத்துக்கொண்டே திரிந்து, எங்காவது சிக்கிச் சாகும். குண்டு தானாகக் கழலும் கிளிப் வைப்பது, எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும், கட்டாயமாக வேண்டும்.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள், தோள்வலிக்காரர்கள், வயதானவர்களுக்குப் படகு பெரிய உதவி. ஸ்பாட் போல 'தொபுக்'கென்று விழுந்து மீனை மிரட்டுவதும் இல்லை. அவர்களுக்கு அனுமதி கொடுக்கலாம், ஆனால் மற்றவர் வீச்சு எட்டும் தூரம் வரைதான்.

விளையாட்டைக் கெடுக்கும் கட்டுப்பாடு என்று சிலர் முணுமுணுப்பார்கள். ஈயத்துண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால், 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தின் விற்பனையை 1987-ல் பிரிட்டன் தடை செய்தது. மாற்று உலோகக் குண்டுகள் வந்தன. மீன்பிடி விளையாட்டு நின்றுவிடவில்லை.