ஏலத்தோட்ட ஜீப்பும் சட்டமன்ற நாற்காலியும்

போடியிலிருந்து மலையேறிப் போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, அதற்கும் அப்பால் மூணாறு. 2015 செப்டம்பரில் அந்த ஊரின் சாலையில் தேயிலை பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், தலைமுறைகளுக்கு முன் மலையேறிய கூலிக் குடும்பங்களின் வாரிசுகள். 20 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் அவர்கள் கொதித்ததற்கு உடனடிக் காரணம். அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள், குறைத்த போனஸை நிர்வாகம் திரும்பக் கொடுத்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்ற அவர்கள் அமைப்பின் பெயரை நாடே உச்சரித்தது.

இரண்டே மாதத்தில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல். போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற கோமதி, தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குப் போட்டியிட்டு வென்றார். அடுத்த ஆண்டு மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தேவிகுளம் தொகுதியில் பெம்பிளை ஒருமையின் வேட்பாளராக ராஜேஸ்வரி நின்றார். அவருக்குக் கிடைத்த வாக்குகள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை.

அதே மலை, அதே தோட்டம், அதே பெண்கள். எட்டு மாதத்துக்கு முன் தங்கள் கூட்டத்துக்காகச் சோறு தண்ணியை மறந்து உட்கார்ந்தவர்கள், சட்டமன்றம் என்று வந்ததும் வழக்கமான சின்னங்களுக்கே வாக்களித்தார்கள். இதற்கு மக்களை நன்றிகெட்டவர்கள் என்று திட்டுவது சுலபம். ஆனால் தேனி மாவட்டத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் சமூகப் பணியாளர் ஒருவர் நிற்க நினைத்தால், அவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்தத் தேவிகுளம் கணக்குதான்.

தேனிக்குப் பெரிய மனிதர்கள் பஞ்சமே இல்லை. 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதா அதே ஆண்டிபட்டியில் நின்று வென்றார். ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளத்தின் உறுப்பினராக ஒரு முறையும், போடிநாயக்கனூரின் உறுப்பினராக இரண்டு முறையும் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். நான்கே சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட மாவட்டம் மூன்று முதல்வர்களைக் கண்டிருக்கிறது. கிடைத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. க.விலக்கில் நிற்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதில் ஒன்று.

அப்படியும் 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மூடிய மதுரை–போடி ரயில் பாதையில், போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் ஆயிற்று. வருசநாடு பக்கத்து மலைக் கிராமங்களில், 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, பரம்பரையாக உழுத நிலம் கையில் நிற்குமா என்ற அச்சம் கூடியிருக்கிறது. இவற்றோடு ஒரு ஜீப்பின் கதையும் இருக்கிறது.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரத்துப் பெண்கள் விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறுவார்கள். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்து, களை வெட்டி, இருட்டுவதற்குள் மலையிறங்குவார்கள். ஒரு ஜீப்பில் ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதும், கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்வதும் இந்தப் பக்கத்தில் புதிய செய்தி இல்லை. வேலை கேரளத்தில், வீடும் ரேஷன் கார்டும் தமிழ்நாட்டில். தோட்டத்தில் பாம்பு தீண்டினாலோ, வழியில் வண்டி கவிழ்ந்தாலோ, இழப்பீட்டுக்கு எந்த மாநிலத்து அலுவலகத்தின் படியேறுவது என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 1979ஆம் ஆண்டு மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூட்டிப்போய் வெளிமாநிலத்தில் தங்கவைத்து வேலை வாங்கும் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பும் கூடலூர்ப் பெண்ணை அது யோசிக்கவில்லை.

ஒரு சமூகப் பணியாளர் இந்தப் பெண்ணுக்கு என்ன செய்ய முடியும்? அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். நலவாரிய அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்கலாம். இதையெல்லாம் செய்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், வணங்கத்தக்கவர்கள். ஆனால் இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதும், எல்லை தாண்டும் கூலிக்கு ஒரு பதிவு முறையைக் கேட்டு வாங்குவதும், மானியக் கோரிக்கை விவாதத்தில் அமைச்சரிடமிருந்து பதிலை வரவழைப்பதும் சட்டமன்றத்துக்குள் நின்றுதான் நடக்கும். தொண்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றும். அடுத்த ஜீப்பில் போகிற பெண்ணையும் காப்பாற்ற விதி மாற வேண்டும்.

இதைத் தமிழ்நாடு கிட்டத்தட்ட நூறாண்டுக்கு முன்பே கண்டது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவைக்குள் நியமன உறுப்பினராக நுழைந்து அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசிப் பெண்களைக் கோயில் ஊழியப் பிணைப்பிலிருந்து விடுவிக்க 1929இல் வந்த சட்டத்திருத்தம் அவர் கொண்டுவந்தது. முழுத் தடை 1947இல் வந்தது. அவர் தொடங்கிய அவ்வை இல்லம் எத்தனையோ சிறுமிகளுக்கு நிழல் தந்தது. ஆயினும் அந்த வழக்கத்தின் வேரை அறுக்கச் சட்டம்தான் தேவைப்பட்டது.

தேர்தலில் நிற்காமலே சாதிக்க முடியாதா என்று சிலர் கேட்பார்கள். முடியும். ராஜஸ்தானில் அருணா ராயும் தோழர்களும் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தி அரசுக் கணக்கை மக்கள் முன் படித்துக் காட்டியது. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்த இயக்கம் ஒரு பெரிய உந்துதல். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின, அவையின் உள்ளிருந்து கைகொடுக்க ஆட்களும் தேவைப்பட்டார்கள். தேனிக்கு அந்த உள்ளிருந்து நீளும் கைதான் வேண்டியிருக்கிறது.

ஆக, நிற்க வேண்டும். எப்படி நிற்பது என்பதில்தான் நல்லவர்கள் பலர் தோற்கிறார்கள். பெரியகுளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கொடைக்கானல் மலை தெரியும். 2017 ஆகஸ்டில் அங்கே திருமணம் செய்துகொண்டார் இரோம் ஷர்மிளா. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்துப் பதினாறு ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்தவர். அந்த ஆண்டு மார்ச்சில் மணிப்பூரின் தௌபால் தொகுதியில் அன்றைய முதல்வர் இபோபி சிங்கை எதிர்த்து நின்று அவர் வாங்கிய வாக்குகள் 90. உண்ணாவிரதத்தை முடித்ததற்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே ஏழு மாதம்தான் இருந்தது. தியாகத்தை உலகம் அறிந்திருந்தது, ஆனால் வாக்குச்சாவடி தோறும் உட்கார ஆள் இல்லை. கூடங்குளம் போராட்டத்தின் முகமான சுப. உதயகுமார், 2014இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியிலும் 2016இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியிலும் நின்று, இரண்டிலும் தோற்றார்.

மறுபக்கமும் இருக்கிறது. தெலங்கானாவின் முலுகு பழங்குடித் தொகுதியில் சீதக்கா 2004இல் தோற்றார், 2009இல் வென்றார், 2014இல் மறுபடி தோற்றார், 2018இலும் 2023இலும் வென்றார், அமைச்சரும் ஆனார். தோற்ற ஐந்தாண்டுகளிலும் அவர் தொகுதியை விட்டு நகரவில்லை. 2020 ஊரடங்கில் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து காட்டுக்குள் இருந்த குடியிருப்புகளுக்கு நடந்தார். நம் பக்கத்தில் 2021இல் திருத்துறைப்பூண்டியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் க. மாரிமுத்து குடிசை வீட்டிலிருந்து சட்டமன்றம் போனார். அவருடைய எளிமையை எல்லோரும் எழுதினார்கள். அவருக்குப் பின்னால் பல பத்தாண்டுகளாகக் கூலிக்காரர்களைத் திரட்டிய ஓர் இயக்கமும் ஒரு பெரிய கூட்டணியும் இருந்ததைக் குறைவாகவே எழுதினார்கள்.

தேவிகுளத்துப் பாடமும் இதுதான். வட்டார ஊராட்சி வாக்காளர் தனக்குத் தெரிந்த முகத்துக்கு வாக்களித்தார். சட்டமன்றத்தில் திருவனந்தபுரத்து ஆட்சி யாருக்கு என்று எண்ணி வாக்களித்தார். நடுவே பெம்பிளை ஒருமைக்குள்ளும் பிளவு வந்துவிட்டது. ஒன்பது நாள் எழுச்சியைத் தொகுதி முழுக்க நிற்கும் அமைப்பாக மாற்ற அவர்களுக்கு நேரம் போதவில்லை.

எனவே கம்பத்திலோ ஆண்டிபட்டியிலோ நிற்க நினைக்கும் சமூகப் பணியாளருக்கு வேலை இன்றைக்கே தொடங்குகிறது. சுயேச்சையாக மனு போடப் பத்து முன்மொழிபவர்களும் பத்தாயிரம் ரூபாய் வைப்புத்தொகையும் போதும், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு ஐயாயிரம். பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். சின்னம் கையில் கிடைத்த பிறகு மிஞ்சும் இரண்டு வாரத்தில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு அதை அறிமுகப்படுத்த எவராலும் முடியாது. ஊராட்சி வார்டிலிருந்து தொடங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மகளிர் குழு, ஏலத்தோட்டத் தொழிலாளர், பளியர் பழங்குடிக் குடியிருப்பு, முல்லைப் பெரியாறு பாசன விவசாயி என்று ஒவ்வொரு பக்கத்திலும் வாக்குச்சாவடிக்கு இரண்டு பேராவது வேண்டும். கொள்கை ஒத்த கட்சி இடம் கொடுத்தால் அதில் நிற்பதையும் களங்கமாக நினைக்க வேண்டாம்.

வாக்காளருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ‘நல்ல மனுசன்தான், ஆனா ஜெயிக்க மாட்டாரே’ என்று சொல்லிவிட்டு வேறு பொத்தானை அழுத்துவது இந்தப் பக்கத்துப் பழக்கம். செய்த உதவிக்குக் கூலியாக யாரும் வாக்குத் தர வேண்டாம். எல்லா வேட்பாளரையும் ஒரே கேள்விகளால் அளந்தால் போதும். எல்லை தாண்டிப் போகும் பெண்களின் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் என்ன செய்வீர்கள்? வன உரிமைச் சட்டம் 2006இன்படி வருசநாட்டு மலையில் நிலுவையில் உள்ள மனுக்களை எப்போது முடித்துத் தருவீர்கள்? உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒதுக்கப்படும் 3 கோடி ரூபாய்த் தொகுதி மேம்பாட்டு நிதியின் கணக்கை ஊர்க் கூட்டத்தில் படிப்பீர்களா?

பிரச்சார வண்டி தெருவுக்கு வரும்போது வண்டியை நிறுத்தி இந்த மூன்றையும் கேட்க வேண்டும். சொன்ன பதிலை மகளிர் குழுவின் நோட்டில் தேதியோடு எழுதிவைத்து, வென்றவரிடம் ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் திரும்பக் கேட்க வேண்டும். அந்த நோட்டை எழுதத் தொடங்குகிறவரே அடுத்த தேர்தலில் வேட்பாளராக நிற்கத் தகுதியானவர்.