உரைகல் ஒன்றாகட்டும்!

தோழனே!

ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்றொரு பேச்சு நம் நாட்டு மக்களிடையே உண்டு. அந்தப் பேச்சோடு பிணைந்த ஊர் எது, அறிவாயா? பழைய ஏடுகள் திருமுதுகுன்றம் என்று குறிக்கும் விருத்தாசலம்! அங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றிலே இட்டார், திருவாரூர்க் குளத்திலே இறங்கி எடுத்தார் என்பது புராணம். நம்புவோர் நம்பட்டும், நகைப்போர் நகைக்கட்டும். ஆனால் அந்தக் கதையிலே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொன்னை ஆற்றிலே விடுமுன், அதில் ஒரு துண்டை வெட்டி மாதிரியாகக் கையிலே வைத்துக்கொண்டாராம்! குளத்திலே கிடைத்த பொன்னின் மாற்று குறைந்திருக்கிறதா என்று பார்த்தாராம்! கொடுத்தவர் கடவுளே ஆயினும், உரைத்துப் பார்த்தே வாங்குவது முறை என்று சொல்லிய கதை அது.

கடவுள் தந்த பொன்னையே உரைத்துப் பார்த்ததாகக் கதை சொல்லும் நாட்டிலே, கடல் கடந்து வந்த பந்தயக் காரை உரைத்துப் பார்க்க முடியவில்லை என்றால், அதை என்னென்பது?

கோடிகளைக் கொட்டிக் கார் வாங்குகிறார் சீமான். இறக்குமதி செய்கிறார், இறக்கிய கோலத்திலேயே ஓட்டுகிறாரா? இல்லை! ஓசை போதவில்லையாம், சைலன்சரை வெட்டி எறிகிறார். வேகம் போதவில்லையாம், எஞ்சினை ஆளும் கணினிக்குப் புதுக்கணக்குப் புகட்டுகிறார். புகைக்குழாயின் நடுவே நஞ்சை முறிக்கவென்று பொருத்தப்பட்டிருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் பெட்டியைக் கழற்றி மூலையிலே போடுகிறார். பிறகு? புகைச் சான்றிதழ் பெற்றுக்கொள்கிறார்! காரிலே கன்வெர்ட்டர் இல்லை. கண்ணாடியிலே சான்றிதழ் இருக்கிறது!

அவர் கழற்றி எறிந்த அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன தெரியுமா, தோழனே? பீங்கான்! ஆம், விருத்தாசலத்துச் சூளைகளிலே அகல் விளக்காகவும் பொம்மையாகவும் உருப்பெறுகிறதே, அந்தக் குலத்தைச் சேர்ந்த பீங்கான். களிமண், மாக்கல், அலுமினா ஆகியவற்றைக் கலந்து, தேன்கூடு போல நுண்ணிய துளைகள் நிறைந்த உருளையாக்கி, 1,400 டிகிரி அளவிலே சுட்டெடுக்கிறார்கள். கார்டியரைட் என்பது அதன் பெயர். கொதிக்கும் புகை திடீரெனப் பாய்ந்தாலும் எளிதில் வெடிக்காத பண்பு அதற்குண்டு. 1970களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் கண்ட கலை அது. அதன் சுவர்களிலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மெல்லப் பூசுகிறார்கள். நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு அதனுள்ளே நுழைந்து கார்பன் டையாக்சைடாக வெளிவருகிறது. எரியாத பெட்ரோல் ஆவி, நீராவியும் கார்பன் டையாக்சைடுமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. 1995 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களிலே இது கட்டாயமாக்கப்பட்டது. மண்ணும் நெருப்பும் பெற்ற அந்த மகவு, மாந்தரின் நுரையீரலுக்குக் காவல் நிற்கிறது. அந்தக் காவலனைத்தான் ஓசைக்காக உருட்டித் தள்ளுகிறார் சீமான்!

இதைத் தடுக்கச் சட்டமில்லையா? இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலே 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுதல் கூடாது என்று 2019 ஜனவரியிலே உச்சநீதிமன்றமும் உரைத்தது. புகைக்கும் வரம்பு உண்டு. பாரத் நிலை நான்கு, ஆறு ஆகிய தரங்களைச் சேர்ந்த பெட்ரோல் கார், நின்றபடி எஞ்சின் ஓடுகையில் வெளிவிடும் புகையிலே கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கையும் தாண்டலாகாது.

கன்வெர்ட்டரை இழந்த கார் இந்த வரம்புக்குள் அடங்குவது அரிது. ஆகவே சீமானுக்கு இரண்டு வழி. சோதனை நாளன்று பழைய பெட்டியை மாட்டிச் சான்றிதழ் பெற்று, மறுநாள் கழற்றிவிடுவது ஒன்று. காரை நிலையத்துக்குக் கொண்டு செல்லாமலே காகிதத்தைப் பெற்றுக்கொள்வது மற்றொன்று. முதலாவதைக் கண்டுபிடிக்க ஏற்பாடில்லை. வால்குழாயிலே ஒரு கம்பியை நுழைத்துப் பார்ப்பதே சோதனை; வண்டியின் அடிவயிற்றை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதுமில்லை.

இரண்டாவது வழி வெறும் வதந்தி என்பாரும் உளர். அவர்கள் 2025 ஏப்ரலிலே டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையைப் புரட்டட்டும். புகை வரம்பு மீறியும் சான்றிதழ் பெற்ற வண்டிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறது அது! ஒரே நிலையத்திலே, ஒரே நேரத்திலே, ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் என்கிறது!

தனி மனிதர் மட்டுமா ஏய்த்தனர்? 2015இலே உலகமே வியக்க வெளிப்பட்டதே வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் சூது! சோதனைக் கூடத்திலே நிற்கிறோம் என்பதை மோப்பம் பிடித்து, அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் கணக்கை டீசல் கார்களின் கணினியிலே ஒளித்து வைத்திருந்தனர். உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள்! 2019 மார்ச்சிலே நமது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் உச்சநீதிமன்றத்தின் படியேறியது. அளவுகோல் ஏமாளியாக இருந்தால், அளக்கப்படுவோன் எத்தனாவான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, மறுபக்கம் திரும்பு. விருத்தாசலத்துப் பீங்கான் பொருள்களை வைக்கோல் வைத்துக் கட்டி ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டியைப் பார். தவணை கட்டி ஆட்டோ ஓட்டும் பாட்டாளியைப் பார். அவர்களுடைய வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும். விளக்கு, பிரேக், டயர், வண்ணம் வரை பார்ப்பர். அன்றைய வருமானம் போனது போனதுதான். சீமானின் சொந்தக் காருக்கோ, பதிவு செய்த நாள் முதல் பதினைந்து ஆண்டுகள் தகுதிச் சோதனையே கிடையாது! இடையிலே அவரை உரைத்துப் பார்க்கும் ஒரே கல், அந்தப் புகைச் சான்றிதழ்தான். அந்தக் கல்லும் களிம்பேறிக் கிடக்கிறது.

அபராதத்தைப் பார். வரம்பு மீறிய புகைக்கு முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை. ஆட்டோக்காரருக்கு அது வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும். வண்டியை முறைகேடாக மாற்றிய உரிமையாளருக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. கோடி ரூபாய்க் காரின் சொந்தக்காரருக்கு ஐயாயிரம் என்பது என்ன? ஒருமுறை பெட்ரோல் நிரப்பும் செலவு! எண் ஒன்றேதான், எடை ஒன்றா?

நாட்டின் புகைக்கெல்லாம் பந்தயக் காரே காரணம் என்று நாம் கூறவில்லை. கூறினால் அது பொய். அவை சில, பேருந்தும் லாரியும் இருசக்கர வண்டியும் பல. ஆனால், சீமானுக்காகத் திறக்கப்பட்ட பொய்ச் சான்றிதழின் புறவாசல் வழியே, நாளை கரும்புகை கக்கும் நூறு லாரிகளும் நுழையும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் குளிரூட்டிய காரின் கண்ணாடிக்குப் பின்னே இருப்பவரல்லர். சாலையோரத்திலே கடை விரித்திருப்பவர்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சான்றிதழ் தருமுன் வண்டியின் அடியிலே கன்வெர்ட்டர் உண்டா என்று கண்ணால் காணுங்கள். புதிய கார்களின் கணினி தன் குற்றங்களைத் தானே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பையும் படியுங்கள். பேராற்றல் வாய்ந்த சொந்தக் கார்களையும், பாட்டாளியின் வண்டியைப் போலவே, குறித்த காலத்தில் முழுச் சோதனைக்கு அழையுங்கள். புதுச் சட்டம் தேடி அலைய வேண்டாம். இருக்கும் சட்டத்துக்கு முதுகெலும்பும், இருக்கும் விதிக்குச் சிறு திருத்தமும் போதும்.

உனக்கும் ஒரு பணி உண்டு, தோழனே! அடுத்த மாநாட்டுக்குக் கொடி கட்டிப் புறப்படும் நம் வண்டிகள் அனைத்தும், மெய்யான சோதனையிலே தேறிய சான்றிதழோடு புறப்படட்டும். சைலன்சரை வெட்டி ஓசை எழுப்பும் இளைஞன் நம் ஊர்வலத்திலே இருப்பானாயின், அவன் தோளிலே கைபோட்டுச் சொல்: முழக்கம் நெஞ்சிலிருந்து வரட்டும், புகைக்குழாயிலிருந்து வேண்டாம் என்று. நம் கை தூயதாக இருந்தால்தான், சீமானின் காரைச் சுட்டிக்காட்டும் விரலுக்கு வலிவு இருக்கும்.