வயதைக் கேட்கலாம், ஆளைக் கேட்கலாமா?

ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் பின்னர் உயிரையும் இழந்தவர்களைப் பற்றிய செய்திகளை ஆண்டுக்கணக்கில் படித்து வேதனையுற்றவன் ஆகையால், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் நுழையலாகாது என்றும், மற்றவர்களும் ஆதாரைக் காட்டி ஓ.டி.பி. பெற்றே நுழைய வேண்டும் என்றும் தமிழக அரசு 2025 பிப்ரவரியில் விதி வகுத்ததையும், அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் 3ஆம் தேதி தீர்ப்பளித்ததையும் ஆட்சேபிக்க எனக்கு மனம் வரவில்லை. சூதாட்டத்திற்குப் பொருந்தும் நியாயம், படிக்கவும் பேசவும் பயன்படும் இணையம் முழுவதற்கும் பொருந்துமா என்பதே இப்போது எழும் கேள்வி.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகும். குழந்தை யார் என்று தெரிய வேண்டுமானால் வந்தவர் எல்லாரையும் விசாரிக்க வேண்டும் அல்லவா? அபராதத்துக்கு அஞ்சும் நிறுவனம், அவசியத்துக்கு மேலாகவே விசாரிக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தொழில் பழகும் பதினேழு வயதுப் பையனும், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அம்மாவின் செல்போனில் பாடம் கேட்கும் எட்டாம் வகுப்புச் சிறுமியும் இச்சட்டத்தின் கண்ணில் ஒரே வகைக் குழந்தைகள். அச்சிறுமியின் பொருட்டு, தன் பெயரில் சிம் வாங்கியதைத் தவிர இணையத்தோடு வேறு தொடர்பில்லாத அந்தத் தாயும் தன் அடையாளத்தை யாரோ ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க நேரிடும்.

ஒப்படைத்தது பத்திரமாக இருக்குமா? வயதை நிரூபிப்பதற்காகத் தன் பயனர்கள் கொடுத்த அரசு அடையாள அட்டைப் படங்களில் சுமார் 70,000 பேருடையவை, தனக்காக வாடிக்கையாளர் சேவை செய்துவந்த வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திருடர் கைக்குப் போயிருக்கலாம் என்று உரையாடல் தளமான டிஸ்கார்டு 2025 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம்; பிறந்த தேதியையும் முகத்தையும் எவ்விதம் மாற்றுவது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகக் கூறியது, படித்தவர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டும் அன்று.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025 நவம்பரில் வெளியான விதிகளே, அடையாள விவரங்களை நேரே கேட்பதற்குப் பதிலாக, டிஜிலாக்கர் போன்ற அமைப்பு வழங்கும் டோக்கன் ஒன்றைக் கொண்டு பெற்றோர் வயது வந்தவர்தாமா என்று அறியவும் இடம் கொடுக்கின்றன. பெயரும் ஆதார் எண்ணும் இன்றி, "பதினெட்டு நிரம்பியவர், ஆம்" என்ற ஒரு பதிலை மட்டுமே அந்த டோக்கன் சொல்லுமாறும், யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்ற குறிப்பு அரசிடமும் தங்காதவாறும் செய்துவிட்டால், குழந்தையும் காக்கப்படும், பிரஜையின் சுதந்திரமும் கெடாது. இன்று அது நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட பல வழிகளுள் ஒன்றாக மட்டுமே இருக்கிறது. இவ்விதிகளுக்கு இணங்க நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட பதினெட்டு மாத அவகாசம் முடிவதற்குள் மத்திய அரசு அதையே கட்டாயமாக்க வேண்டும். நம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும்.